டாயாங் புந்திங்: கெடாவின் இலையுதிர் காலத்தில் ஓர் ஏரித் தீவு

மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவுக்கூட்டத்தில் இரண்டாவது பெரிய தீவு டாயாங் புந்திங். அதன் கரையோரத்தில், உயர்ந்த சலவைக்கல் குன்றுகள் சூழ, ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. லங்காவியின் நன்னீர் ஏரிகளில் இதுவே பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்பது ஒரு குறுகிய கல்மேடு மட்டுந்தான். மேட்டின் ஒரு புறம் உப்புநீர் அலையடிக்கிறது. மறுபுறம் உப்பில்லாத பச்சைத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. இந்த அமைப்புதான் தீவுக்குப் புகழ் தேடித் தந்தது. ஆண்டு முழுவதும் ஆள் வந்து போகும் இடமாகவும் அதை ஆக்கியது.

கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு லங்காவி அந்நியமான ஊரில்லை. பள்ளிச் சுற்றுலாவிலோ, உறவினர் கூடிய விடுமுறையிலோ, 1987-ல் அங்கே வரி விலக்கு வந்த பிறகு சாக்லேட்டும் பீங்கானும் கண்ணாடிப் பாத்திரமும் வாங்கவோ ஒருமுறையாவது போய் வந்திருப்பார்கள். டாயாங் புந்திங்கையும் பார்த்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலோர் அதை அவசரமாகவே பார்த்தார்கள். இந்தத் தீவு அவசரக்காரருக்கு எதையும் காட்டாது. இதைப் பார்ப்பதற்கென்று ஒரு பருவமும் ஒரு வேகமும் உண்டு.

முதலில் பருவம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மண்ணில் இலையுதிர் காலம் ஏது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் கேட்க மாட்டார். அமேசான் காட்டிலிருந்து வந்த ரப்பர் மரம், வளர்ந்து ஆளானதும், வறண்ட காலம் தொடங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை தன் இலை முழுவதையும் கொட்டிவிடும். கெடாவில் இது ஜனவரி பிற்பகுதியில் தொடங்கி மார்ச் வரை நீளும். பச்சை முதலில் வெளிறும். பிறகு மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, துரு நிறத்துக்கு வரும். காற்று ஒருமுறை பலமாக வீசினால் ஒரு நிரை முழுவதும் மொட்டையாகிவிடும். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்கள், இருட்டில் தங்கள் காலடிச் சத்தம் சருகின்மேல் சரசரப்பதைக் கேட்டே இலை விழும் காலம் வந்துவிட்டதென்று அறிந்துகொள்வார்கள்.

அந்தக் காலத்துக்கு ஓர் அழகு உண்டு. ஒரு சிரமமும் உண்டு. இலை போனால் பால் குறையும். புதுத் தளிர் விடும்போது மரம் தன் சத்தையெல்லாம் இலைக்கே கொடுக்கிறது. பட்டையில் வடிவது கொஞ்சந்தான். பல தோட்டங்களில் அப்போது வெட்டைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். வெட்டை நம்பிய வீடுகளில் கை இறுகும். தளிர் செம்பு நிறத்தில் வரும். அதன்மேல் சாம்பல் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கந்தகத் தூள் அடிப்பார்கள். சருகு காய்ந்து கிடப்பதால் தீ பற்றிவிடுமோ என்ற பயம் வேறு. பொங்கலும் தைப்பூசமும் இந்த மாதங்களை ஒட்டியே வருவதால், விக்டோரியா, ஹென்றியட்டா, டப்ளின், ஹார்வர்ட், பாடேனாக் என்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்ட தோட்டங்களின் நினைவில் காவடியும் உதிர்ந்த இலையும் சேர்ந்தே இருக்கின்றன. இன்று அந்த நிலத்தில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. ஆனாலும் பீடோங்கிலிருந்து கூலிம் வரை மிச்சமிருக்கும் ரப்பர் நிலங்களில் இந்தப் பருவம் தவறாமல் வருகிறது.

லங்காவிக்குப் போக ஏற்ற காலமும் இதுவே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தமான் கடல் பக்கமிருந்து வரும் மழைமேகம் நேராக லங்காவியின்மேல் கவிகிறது. செப்டம்பரும் அக்டோபரும் மிகுந்த மழை பெய்யும் மாதங்கள். நவம்பருக்குப் பிறகு காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. அது கொண்டு வரும் ஈரத்தைக் கிளந்தானும் திரெங்கானுவும் தாங்கிக்கொள்கின்றன. நடுவில் நிற்கும் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் மேற்குக் கரையின் வடமுனைக்கு மழை குறைவு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வானம் வெளுத்து, வெயில் காய்ந்து, பாறைச் சுவர்கள் உலர்ந்து நிற்கும். லங்காவியின் சுண்ணாம்புக் குன்றுகளில் மண் மிக மெல்லிசு. அங்கு நிற்கும் மரங்களில் சிலவும் இந்த வறட்சியில் இலை உதிர்க்கின்றன. மழைக்காலத்தில் பச்சைப் போர்வைக்குள் மறைந்திருக்கும் கல், இலை உதிர்ந்ததும் வெளியே தெரிகிறது. கல்லைப் பார்க்கப் போகும் இடத்தில் இது பெரிய வசதி.

ஏரியையும் இலையுதிர் காலத்தையும் சேர்த்துக் கொண்டாடும் வழக்கத்தைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருகிறார்கள். ஹாங்சோ நகரத்தின் மேற்கு ஏரியில் படகேறி, நடுவில் உள்ள சிறு தீவுக்குப் போய், முழுநிலா நீரில் விழுவதைப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு பெரிய சடங்கு. அந்தத் தீவை அடுத்து நீருக்குள் நிற்கும் மூன்று கல்தூண்கள் சீனாவின் 1 யுவான் நோட்டில் அச்சாகியிருக்கின்றன. 2011-ல் யுனெஸ்கோ அந்த ஏரியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கெடாவின் சீன நண்பர்கள் மூன்கேக் வெட்டி விளக்கேற்றுவதும் அதே நிலாவுக்காகத்தான். ஆனால் அது செப்டம்பர், அக்டோபர் நிலா. ஹாங்சோவில் வானம் தெளியும் அந்த வாரங்களில் லங்காவியில் மழை கொட்டுகிறது, கடல் குமுறுகிறது. ஆகவே கெடாக்காரர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தைப் பார்த்தால் போதும். அது இலையைக் கொட்டும்போது தீவுக்குப் புறப்படலாம்.

தெற்குக் கெடாவிலிருந்து போகிறவர்கள் சுங்கைப்பட்டாணியிலிருந்து நெடுஞ்சாலையிலோ ரயிலிலோ அலோர் ஸ்டார் போய், அங்கிருந்து கோலக்கெடா படகுத்துறைக்குத் திரும்புவார்கள். குரூணைத் தாண்டும் வரை இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலைதான் ஒரு காலத்தில் வங்கக் கடலைக் கடந்து பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்குக் கரை காட்டிய அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. மலை பின்னால் போனதும் நிலம் தட்டையாகிவிடும். வயல், வயல், மேலும் வயல். அந்தச் சமவெளியில், அலோர் ஸ்டாருக்கு அருகே, திடுக்கென ஒற்றைக் குன்றொன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அது கெரியாங் மலை. சுண்ணாம்புக்கல்லால் ஆனது. வயலாக இருக்கும் இந்த நிலம் முன்பு கடலாக இருந்தபோது கெரியாங் ஒரு தீவு. லங்காவியில் கடலில் நிற்கும் குன்றுகளுக்கும் வயலில் நிற்கும் இந்தக் குன்றுக்கும் கல்லில் உறவு உண்டு. வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனால், பின்னால் தீவில் பார்க்கப் போவது இன்னும் நன்றாக விளங்கும்.

கோலக்கெடாவிலிருந்து ஃபெரியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். கோல பெர்லிஸ் வழியாகப் போனால் கடல் தூரம் குறைவு. முதலில் சேற்று நிறத் தண்ணீர், பிறகு பச்சை, கடைசியில் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரிலிருந்து எழும். லங்காவித் தீவுகள் 99 என்பது பொதுக் கணக்கு. கடல் வற்றும்போது இன்னும் சில மேடுகள் தலைகாட்டுவதால் எண்ணிக்கை கூடும் என்பார்கள். குவா படகுத்துறையில் இறங்கியதும் பெரிய பருந்துச் சிலை வரவேற்கிறது. ஊரில் தங்கி மறுநாள் காலை தீவுக்குப் போவதுதான் முறை. வந்த அன்றே போக நினைப்பது களைப்பைத்தான் தரும்.

டாயாங் புந்திங்குக்குப் போகிறவர்களில் பலர் தீவு சுற்றும் படகுகளில் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு படகு மூன்று இடங்களைத் தொடும்: டாயாங் புந்திங் ஏரி, சிங்கா பெசார் தீவை ஒட்டிப் பருந்து பார்க்கும் இடம், பெராஸ் பாசா தீவின் வெண்மணல் கரை. எல்லாம் சேர்ந்து அரை நாள். ஏரிக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் போல. அதில் படியேறி இறங்கவும், உயிர்காப்பு அங்கி வாங்கி மாட்டவும், படம் எடுக்கவும் நேரம் சரியாக இருக்கிறது. பருந்துகளைப் பார்ப்பது நல்ல அனுபவம்தான். செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள நம்மவர்களுக்கு, இருபது முப்பது கருடன்கள் ஒரே நேரத்தில் தலைக்குமேல் வட்டமிடுவது சாதாரணக் காட்சியில்லை. ஆனால் அவற்றை வரவழைக்கக் கோழித் தோலும் கொழுப்பும் வீசும் வழக்கம் கெட்ட வழக்கம். மீனும் நண்டும் தேடித் தின்ன வேண்டிய பறவை, படகுச் சத்தத்துக்குப் பறந்துவரப் பழகிவிடுகிறது. இயற்கை ஆர்வலர்கள் இதை நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறார்கள். தீனி போடாத படகைக் கேட்டு ஏறுவது பயணியின் கையில் இருக்கிறது.

நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு படகைத் தனியாக வாடகைக்கு எடுப்பது நல்லது. எங்கே எவ்வளவு நேரம் என்பதைப் படகுக்காரரிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளலாம். காலையில் முதல் படகாகப் போனால் ஏரி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.

படகு தீவை நெருங்கும்போதே, கர்ப்பிணிப் பெண் என்று பொருள்படும் அதன் மலாய்ப் பெயருக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது. குன்றுகளின் மேல்விளிம்பு, மல்லாந்து படுத்திருக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் உருவத்தை ஒத்திருக்கிறது. தலை, மார்பு, மேடிட்ட வயிறு என்று படகுக்காரர் விரலால் வரைந்து காட்டுவார். காட்டிய பிறகு வேறு எதுவாகவும் அது தெரிவதில்லை.

துறையிலிருந்து ஏரிக்குப் போகும் பாதை காட்டுக்குள் படிகளாக ஏறி இறங்குகிறது. நடப்பதற்குச் சிரமமில்லை, முதியவர்கள் நின்று நின்று போகலாம். குரங்குகள்தான் கவனிக்க வேண்டியவை. நீண்ட வால் குரங்குகள் பாதையோரக் கைப்பிடியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையின் சரசரப்புக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். பை திறந்திருந்தால் அது அவற்றுக்கு உரியது. சற்று நின்று மேலே பார்த்தால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்கும் தென்படக்கூடும். அது கூச்சமுள்ள பிராணி. இலை தின்று உயரத்திலேயே இருக்கும். காலை வேளையில் இருவாய்ச்சிப் பறவை பறந்தால் அதன் சிறகுச் சத்தம் பறவைக்கு முன்பே வந்துவிடும்.

பாதையின் இரு பக்கமும் உள்ள பாறையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதுதான். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். சில இடங்களில் மேல்பகுதி கத்தி முனையாகக் கூர்ந்து, குழி விழுந்து, வாய்க்கால் வாய்க்காலாக அரிக்கப்பட்டிருக்கும். புதிதாக உடைந்த இடத்தில் உள்ளே சர்க்கரைப் பரல்போல் மின்னும். அது சுண்ணாம்புக்கல்லாகப் பிறந்து சலவைக்கல்லாக மாறிய கல்.

அதன் கதை நீளமானது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த இடம் ஆழமில்லாத ஒரு கடல். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் செத்துப் படிந்து, படிவு இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயிற்று. பெர்லிசில் உள்ள சூப்பிங் என்ற ஊரின் பெயரால் நிலவியலார் இந்தக் கல்லடுக்கை அழைக்கிறார்கள். அதற்கும் முந்தைய அடுக்கு பக்கத்திலுள்ள சிங்கா தீவுகள் வட்டாரத்தில் கிடைக்கிறது. அது கரிய சேற்றுப் பாறை. அதன் நடுவே இடத்துக்குப் பொருந்தாத கூழாங்கற்கள் அங்கங்கே பதிந்திருக்கின்றன. மிதக்கும் பனிக்கட்டிகளில் ஒட்டி வந்து, பனி உருகியதும் கடலடிச் சேற்றில் விழுந்த கற்கள் அவை. இன்று தென்னையும் மாவும் வளரும் லங்காவி, அந்தக் காலத்தில் தெற்கே கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில், பனிக்கடலின் பக்கத்தில் இருந்தது என்பதற்கு இந்தக் கூழாங்கற்களே சாட்சி. நம் தென்னிந்தியாவும் அதே பெருங்கண்டத்தின் பகுதியாக இருந்தது.

பிறகு நிலம் வடக்கே நகர்ந்தது. ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமிக்கு அடியிலிருந்து கொதிக்கும் பாறைக் குழம்பு மேலேறி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஆறி, கருங்கல்லாக உறைந்தது. லங்காவியின் உயர்ந்த சிகரமான 881 மீட்டர் ராயா மலை இந்தக் கருங்கல்லால் ஆனது. குழம்பின் வெப்பம் பட்ட சுண்ணாம்புக்கல் உள்ளுக்குள் உருமாறி, மணிமணியாகப் படிகம் கட்டி, சலவைக்கல்லாயிற்று. லங்காவியில் சலவைக்கல் வெட்டி எடுத்த காலமும் உண்டு. டாயாங் புந்திங்கின் குன்றுகள் அப்படியே நின்றுவிட்டது நம் நல்ல காலம்.

இப்படிப்பட்ட கல்லில் ஏரி எப்படி வந்தது? சுண்ணாம்புக்கல்லுக்கும் சலவைக்கல்லுக்கும் புளிப்பு ஆகாது. ரப்பர்ப் பாலை உறைய வைக்கத் தோட்டத்தில் பயன்படுத்தும் பார்மிக் ஆசிட் ஒரு சொட்டு விழுந்தால் சலவைக்கல் நுரைத்துக் கரையும். மழைநீரிலும் கொஞ்சம் புளிப்பு உண்டு. காற்றிலும் சருகு மக்கிய மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை அது கரைத்துக்கொண்டு வருகிறது. மிக மெல்லிய புளிப்புதான். ஆனால் அதற்குக் கிடைத்த காலம் மிகப் பெரிது. கல்லின் விரிசலில் இறங்கிய நீர் விரிசலை அகலப்படுத்தியது. விரிசல் பொந்தாகி, பொந்து குகையாகி, குகை மண்டபமாகியது. ஒரு கட்டத்தில் மேற்கூரை தாங்க முடியாமல் உள்ளே இடிந்து விழுந்தது. இடிந்த இடம் பெரும் பள்ளமாகி, அடியில் களிமண் படிந்து ஓட்டைகளை அடைத்தது. மழைநீர் தேங்கியது. அதுவே ஏரி.

லங்காவி முழுக்க இப்படிக் கரைந்தும் இடிந்தும் உருவான குகைகளும் பள்ளங்களும் உள்ளன. அவற்றில் பலவற்றினுள் கடல் புகுந்துவிட்டது. டாயாங் புந்திங்கில் மட்டும் அந்தக் குறுகிய கல்மேடு கடலை வெளியே நிறுத்திவிட்டது. அதே மழை இன்றும் அந்த மேட்டைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. மிக நெடுங்காலம் கழித்து ஒரு நாள் மேடு உடையும், கடல் உள்ளே வரும். மனிதக் கணக்கில் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

2007 ஜூன் 1-ஆம் தேதி லங்காவியை யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவாக ஏற்றுக்கொண்டது. தென்கிழக்காசியாவில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இடம் அது. மாச்சின்சாங் மலையின் 55 கோடி ஆண்டு பழமையான மணற்கல், கிலிம் ஆற்றின் சுண்ணாம்புக் குன்றும் கண்டல் காடும், டாயாங் புந்திங்கின் சலவைக்கல் ஆகிய மூன்றும் அதில் தனித்தனிப் புவிவனங்கள். முதலிரண்டையும் கேபிள் காரும் படகுச் சவாரியும் பிரபலமாக்கிவிட்டன. மூன்றாவதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. அங்கே போகிறவர்கள் ஏரியைப் பார்க்கிறார்களே தவிர, ஏரியைப் பெற்ற கல்லைப் பார்ப்பதில்லை.

படிகள் முடிந்ததும் திடீரென ஏரி. நீர் கரும்பச்சை, குன்றின் நிழல் விழுந்த பக்கம் இன்னும் கருமை. கரையோரம் மிதவை மேடைகள் உண்டு. நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிவது நல்லது. ஏனென்றால் இந்த ஏரிக்குச் சாய்வான கரை கிடையாது. காலை எடுத்து வைத்தால் ஆழந்தான். மேடையின் விளிம்பில் உட்கார்ந்து காலை நீரில் விட்டால் கெளுத்தி மீன்கள் வந்து மொய்க்கும். குழந்தைகள் கூச்சலிட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள். மிதிபடகு, துடுப்புப் படகு எடுத்து எதிர்க்கரைப் பக்கம் போனால் மனிதச் சத்தம் குறைந்து, பாறையில் பட்டுத் திரும்பும் பறவைக் குரல் கேட்கும். அங்கே துடுப்பை நிறுத்திவிட்டுச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். மண்ணே இல்லாத கல்லிடுக்கில் சைக்கஸ் செடி தொற்றிக்கொண்டிருக்கும். டைனோசர் காலத்திலிருந்து வரும் குலம் அது. மழை வடிந்த தடங்கள் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டிருக்கும். வறண்ட பருவமாதலால் இலை இழந்த கிளைகள் கல்லின்மேல் நேராகத் தெரியும். உதிர்ந்த இலைகள் நீரில் மிதந்து மேடையோரம் ஒதுங்கிக் கிடக்கும். இதற்கெல்லாம் ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

ஏரிக்கு மக்கள் சொல்லும் கதை வேறு. மாம்பாங் சாரி என்ற தேவலோக இளவரசி மாட் தேஜா என்ற மானிடனை மணந்தாள். அவள் மனத்தைக் கவரக் கடற்கன்னியின் கண்ணீரை அவன் முகத்தில் பூசிக்கொண்டான் என்பார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோயிற்று. துயரம் தாங்காத தாய் குழந்தையின் உடலை ஏரியில் இட்டு, இந்த நீரைத் தொடும் பிள்ளையில்லாப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு விண்ணுலகம் திரும்பினாள். ஏரியில் வெள்ளை முதலை ஒன்று காவல் இருக்கிறதென்றும் சொல்வதுண்டு. லங்காவியின் இன்னொரு புகழ்பெற்ற கதையான மசூரியின் கதை சாபத்தில் முடிகிறது. செய்யாத குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட அவள், ஏழு தலைமுறைக்கு இத்தீவு உருப்படாது என்று சபித்தாள். மாம்பாங் சாரியின் கதையோ, தன் குழந்தையை இழந்தவள் பிறருக்குக் குழந்தை வரம் தருவதில் முடிகிறது. இரண்டில் இதுவே மனத்தில் ஆழமாகத் தங்குகிறது.

இந்தக் கதையைக் கேட்ட தமிழ்ப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்ளும் வழக்கத்தைத் தாத்தா பாட்டி கப்பலேறி வரும்போது கையோடு கொண்டுவந்தார்கள்; தோட்டத்துக் கோயில்களில் மஞ்சள் துணித் தொட்டில்கள் தொங்கின. மலாய்ப் பெண்ணும் சீனப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே மேடையில் உட்கார்ந்து ஒரே நம்பிக்கையோடு அந்த நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வதைக் காணலாம். நீருக்கு மருத்துவக் குணம் எதுவும் கிடையாது. பலர் இறங்கிக் குளிக்கும் தேங்கிய நீரைக் குடிப்பது நல்லதுமில்லை, தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்காக ஏங்குகிறவர்களின் வேண்டுதலைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

தீவு என்பது ஏரி மட்டுமல்ல. கடல் பக்கமாகச் சுற்றிப் போனால் லாங்சிர் குகை இருக்கிறது. உயரமான குகை, ஆயிரக்கணக்கான வௌவால்களின் வீடு. அந்த வௌவால்கள் இரவில் வெளியே போய்ப் பூச்சி பிடித்தும் மலர்களில் மகரந்தம் சேர்த்தும் காட்டை வாழவைக்கின்றன. கிழக்குப் பக்கத்தில் மலாய் மீனவக் கிராமங்கள் உள்ளன. பாலம் ஒன்று அவற்றைப் பக்கத்துத் தூபா தீவோடு இணைக்கிறது. குவாவிலிருந்து உள்ளூர்க்காரர் போய்வரும் படகில் தூபாவுக்குப் போய், பாலம் தாண்டி நடந்தால், சுற்றுலாவுக்காகச் சோடிக்காத லங்காவியைப் பார்க்கலாம். வலை உலர்த்தும் முற்றம், நெத்திலி காயும் வாசல், பள்ளி விட்டு மிதிவண்டியில் திரும்பும் பிள்ளைகள். ஏரியில் ஒரு நாள், தூபாவில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் தீவின் இரு முகமும் தெரியும்.

கடலைக் கடக்க விரும்பாதவர்களுக்குக் கெடாவின் உட்பகுதியில் இன்னோர் ஏரி உண்டு. பாடாங் தெராப் மாவட்டத்துப் பெடு ஏரி. மூடா நீர்ப்பாசனத் திட்டத்துக்காக 1969-ல் கட்டி முடித்த அணையால் உருவான செயற்கை ஏரி இது. தண்ணீர் ஏறியபோது பள்ளத்தாக்கு மூழ்கியது. குன்றுகளின் உச்சி மட்டும் தீவுகளாக மிஞ்சியது. சீனாவில் ஹாங்சோவுக்குத் தென்மேற்கே 1959-ல் கட்டிய சின்ஆன் ஆற்று அணையால் தோன்றிய ஆயிரந்தீவு ஏரியும் இப்படிப் பிறந்ததே. அங்கே 1,078 தீவுகளை எண்ணியிருக்கிறார்கள். அங்கே சொகுசுக் கப்பல்கள் ஓடுகின்றன. பெடுவில் தூண்டில்காரர்களும் காட்டு யானைகளின் தடமும்தான். கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவது பெடு, மூடா ஏரிகளின் தண்ணீரால். அந்தத் தண்ணீரைத் தருவது ஊலு மூடா காடு.

டாயாங் புந்திங்கைப் பொறுத்தவரை, மனிதர் கெடுக்காமல் விட்டால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கெடுதல் சிறிது சிறிதாகவே வருகிறது. நினைவுக்கென்று உடைத்தெடுத்த ஒரு சலவைக்கல் துண்டு மீண்டும் வளராது. பாறையில் கீறிய பெயர் அழியாது. குரங்குக்கு வீசிய ரொட்டி, அடுத்து வரும் குழந்தையின் கையைப் பிராண்ட வைக்கும். சன்ஸ்க்ரீன் எண்ணெயும் ஷாம்பூவும் வடிகால் இல்லாத ஏரியில் தங்கிவிடும். கடலில் போட்ட குப்பையை அலை கொண்டுபோய் வேறு கரையில் சேர்க்கலாம்; இந்த ஏரியில் போட்டது இங்கேயேதான் கிடக்கும்.

போக நினைப்பவர்கள் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள் ஒரு தேதியைப் பாருங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்தால் கூட்டம் குறையும், அறை வாடகையும் இறங்கும். ஃபெரிக்கு முன்பதிவு செய்யுங்கள். வழுக்காத செருப்பு, தொப்பி, மாற்றுத்துணி, மூடியுள்ள பையில் தண்ணீரும் சாப்பாடும் போதும். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். படிகள் அவருக்குத் தடையாக இருக்காது. படகுக்காரரிடம் பேசும்போது ஏரிக்கு ஒரு மணி நேரம் போதாது, மூன்று மணி நேரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.